ரிலீஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பூர்வீக வீட்டைப் பொறுத்து, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக என் அக்காவிடம் ‘ரிலீஸ் டீட்’ எழுதி வாங்கவிருக்கிறோம். படமும் ரிலீஸ் ஆகிறது, கைதியும் ரிலீஸ் ஆகிறார். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச்சொல் உண்டா? அச்சொல்லின் வேர் என்ன?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே சொல் எதற்கு? படத்துக்கு வெளியீடு, கைதிக்கு விடுதலை, அணை நீருக்குத் திறப்பு என்று இடமறிந்து பேசும் மொழியிடம் அப்படிக் கேட்பது, இருக்கும் சாவிக்கொத்தைக் கிணற்றில் எறிந்துவிட்டு ஒற்றைச் சாவிக்கு அலைவதாகும்.

வேரைக் கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். லத்தீனில் ‘லாக்ஸுஸ்’ என்றால் தளர்ந்தது என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘ரெலாக்ஸாரே’ என்ற வினை, பழைய பிரெஞ்சில் உருமாறி, 1300ஐ ஒட்டி ரிலீஸ் என ஆங்கிலத்தில் நுழைந்தது. அதையே ஆங்கிலம் பின்னொரு முறை ரிலாக்ஸ் என்றும் வாங்கிக்கொண்டது. குத்தகையைக் குறிக்கும் லீஸும், வேட்டைநாயைப் பிடிக்கும் கயிறான லீஷும் இதே வேரைச் சேர்ந்தவையே. நாயைத் தளர்த்தி ஓடவிடுவதற்கான கயிறு என்பதால், கட்டும் பொருளுக்கு அவிழ்க்கும் பெயர் வாய்த்துவிட்டது. இங்கிலாந்தில் 1536இல் நிலவிற்பனையைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிச் சட்டம் வந்த பிறகு, வழக்கறிஞர்கள் முதல்நாள் ஓராண்டு லீஸ் கொடுத்து, மறுநாள் மீதி உரிமையை ரிலீஸ் செய்து, பதிவேட்டின் கண்ணில் படாமலேயே நிலத்தைக் கைமாற்றும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருவரும் கூடிச் செய்த இந்தத் தந்திரம் 19ஆம் நூற்றாண்டு வரை செல்லுபடியானது.

நம் பதிவு அலுவலகங்களில் அந்த ரிலீஸுக்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயர். என் தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். அவர் சம்பாதித்து வாங்கிய வயலில், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அத்தைக்கும் அப்பாவுக்கும் சமபங்கு இருந்தது. அத்தைக்கு ஒரு புடவை எடுத்துக்கொடுத்து, பத்திரத்தில் ரேகை வைக்க அழைத்துப் போனார்கள். எழுத்தரின் மேசையருகே, மை ஒட்டிய இடது பெருவிரலைப் புதுப்புடவையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, “விடுதலைன்னு வாசிச்சியே, யாருக்குடா?” என்று அத்தை என்னிடம் கேட்டார். “நெலத்துக்குத்தான் அக்கா” என்று அப்பா முந்திக்கொண்டார். எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் கூசுகிறேன்.

கைதியையும் படத்தையும் விடுங்கள். அக்காவின் பங்கு எவ்வளவு, அதற்கு நீங்கள் கொடுப்பது எவ்வளவு என்று ஒரு வரிகூட எழுதாமல் வேர்ச்சொல் கேட்கிறீர்களே! அவர் கையெழுத்திடுமுன், அந்த வீட்டின் சந்தை விலையைச் சொல்லிவிட்டு, பத்திரத்தை முதல் வரியிலிருந்து நீங்களே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.