வாசகர் கேள்வி – பதில்: விநியோகஸ்தர் மூடிவிட்டால் பிரதிகள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: சிறு பதிப்பகங்களின் புத்தகங்களைக் கடைகளுக்கு அனுப்பிவந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று 2024-இல் திடீரென மூடப்பட்டதாமே? அதை நம்பியிருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? நாங்களும் ஒரே ஒரு விநியோகஸ்தரைத்தான் நம்பியிருக்கிறோம்.

பதில்: நீங்கள் கேட்பது கலிஃபோர்னியா மாநிலம் பெர்க்லியில் இயங்கிய ஸ்மால் பிரஸ் டிஸ்ட்ரிபியூஷன் பற்றி. 1969-இல் தொடங்கிய நிறுவனம். 2024 மார்ச் இறுதியில் மூடுவதாக அறிவித்தபோது சுமார் 400 பதிப்பகங்கள் அதை நம்பி இருந்தன. விற்ற புத்தகங்களுக்கான பாக்கி அப்படியே நின்றது. விற்காத பிரதிகள் அதற்குச் சற்று முன்புதான் வேறு நிறுவனங்களின் கிடங்குகளுக்கு மாற்றப்பட்டிருந்தன. அவற்றை மீட்கப் பதிப்பகங்கள் அந்தக் கிடங்குகளிடம் தனித்தனியாகப் பேச வேண்டிவந்தது.

உங்கள் ஒப்பந்தத்தை இன்றே எடுத்து ஒரு வரியைத் தேடுங்கள்: ‘விற்பனையாகும்வரை பிரதிகள் பதிப்பகத்துக்கே சொந்தம்.’ அது எழுத்தில் இல்லையென்றால், நிறுவனம் நொடிக்கும்போது கிடங்கில் இருப்பதெல்லாம் அதன் சொத்தாகக் கணக்கிடப்படும் அபாயம் உண்டு. விற்ற புத்தகங்களுக்கு வரவேண்டிய பணத்துக்கோ இந்தப் பாதுகாப்பும் போதாது. அந்நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு நீங்களும் வரிசையில் நிற்பீர்கள். ஆகவே பாக்கி சேரவிடாமல் இருப்பதுதான் வழி. 120 நாளில் பணம் தருகிறேன் என்பவரிடம் 60 நாள் கேளுங்கள். மொத்தப் பிரதிகளில் பாதிக்கு மேல் அவரிடம் கொடுத்துவைக்காதீர்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியே தரப்படும் அடையாள எண்களான ஐஎஸ்பிஎன் எண்கள் உங்கள் பதிப்பகத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். புத்தக விவரப் பட்டியலின் கோப்பும் உங்கள் கையில் இருக்கட்டும். அப்போதுதான் விநியோகஸ்தரை மாற்ற நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையிராது.

மாதக் கணக்கை வாங்கிக் கோப்பில் போட்டால் போதாது, கூட்டிப் பார்க்க வேண்டும். 300 பிரதி அனுப்பினீர்கள். விற்றது 120, சேதமாகித் திரும்பியது 40, கையிருப்பு 130 என்று கணக்கு வருகிறது. கூட்டினால் 290. மீதி 10 எங்கே? அந்த மாதமே கேட்டால் தேடிச் சொல்வார்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கணக்கு வருவதே தாமதமாகிறது, கேட்டால் ‘கணினி மாற்றுகிறோம்’ என்று பதில் வருகிறது என்றால், புதுப் பிரதிகள் அனுப்புவதை நிறுத்திவிடுங்கள். பணமுடை வெளியே தெரியும் முதல் இடம் பெரும்பாலும் கணக்கு அறிக்கைதான்.

கேள்வி: முதல் பதிப்பு எத்தனை பிரதி போடலாம்? 1000 போட்டால் ஒரு பிரதிக்கான செலவு குறைகிறது என்கிறார் அச்சகத்தார்.

பதில்: அவர் சொல்வது சரிதான், ஆனால் அவர் பார்ப்பது அச்சுச் செலவை மட்டும். ஆஃப்செட்டில், அதாவது பிளேட் என்னும் தகடு செய்து அச்சடிக்கும் முறையில், பிளேட்டுக்கும் மெஷினை ஓட்டத் தயார்செய்வதற்கும் ஆகும் செலவு 300-க்கும் 1000-க்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் எண்ணிக்கை கூடக்கூடப் பிரதிச் செலவு இறங்குகிறது. கணினிக் கோப்பிலிருந்து நேரடியாக அச்சடிக்கும் டிஜிட்டலில் இந்தத் தொடக்கச் செலவு கிடையாது. சாதாரணக் கறுப்பு வெள்ளைப் புத்தகத்துக்கு, 300 முதல் 500 பிரதிக்குள் எங்கோ ஓரிடத்தில் இரண்டும் சமமாகும்.

புத்தக விலையை 100 பங்காக வையுங்கள். கடைக்கும் விநியோகஸ்தருக்கும் சேர்த்துக் கழிவு 50 முதல் 55 போகும். எழுத்தாளருக்கு ராயல்டி 10. மீதி 35 முதல் 40-இல்தான் அச்சு, வடிவமைப்பு, மெய்ப்பு, தபால் எல்லாம் அடங்க வேண்டும். 1000 போட்டு 350 விற்றால், விற்காத 650-இன் அச்சுச் செலவையும் விற்ற 350 தான் சுமக்கும். கவிதைக்கு 300 போதும் என்பது என் கருத்து. தீர்ந்தால் மறுபடி அடியுங்கள்.

கடைக்குப் போனதையெல்லாம் விற்றதாக எண்ணிவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்துக்கூடப் பிரதிகள் திரும்பும். வரும் பணத்தில் நாலில் ஒரு பங்கைத் திரும்பி வருவதற்கென்று தனியே வையுங்கள்.

கேள்வி: சந்தா முறை சிறு பதிப்பகத்தைக் காப்பாற்றுமா?

பதில்: காப்பாற்றும், பணத்தைச் சரியாக வைத்துக்கொண்டால். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள அண்ட் அதர் ஸ்டோரீஸ் சந்தாதாரர்களின் துணையோடு வளர்ந்தது. அவர்களின் பெயர்களைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சிடுகிறது. பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகளைத் தீபா பாஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளியிட்டு, 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற நூலின் பதிப்பகமும் இதுவே. பெரிய நிறுவனங்கள் தொடத் தயங்கும் நூலை எடுக்கும் துணிச்சலுக்கு இப்படி முன்கூட்டி வரும் பணம் பெரிய பலம்.

ஆனால் சந்தாப் பணம் கைக்கு வந்த அன்று வருமானம் ஆகிவிடாது. புத்தகம் போய்ச்சேரும்வரை அது கடன். ஆண்டுக்கு நான்கு புத்தகம் என்றால் தனிக் கணக்கில் போட்டு, ஒவ்வொரு புத்தகமும் தபாலில் சேர்ந்த பிறகு கால் பங்கு எடுங்கள். நான்காம் புத்தகத்துக்கான பணத்தை முதல் புத்தகத்துக்கே செலவழித்துவிட்டுத் தவிக்கும் பதிப்பகங்கள் பல.

கேள்வி: பரிசுப் பட்டியலில் வந்த புத்தகத்துக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. அச்சிடலாமா?

பதில்: முன்பணம் வாங்கிக்கொண்டு அச்சிடுங்கள். இங்கிலாந்தின் காலி பெக்கர் பிரஸ் வெளியிட்ட நாவல் 2019-இல் புக்கர் குறும்பட்டியலுக்கு வந்தது. தி புக் பீப்பிள் என்ற விற்பனை நிறுவனத்துக்காக அவர்கள் சிறப்புப் பதிப்பு அச்சிட்டார்கள். அந்த டிசம்பரில் அந்நிறுவனம் நொடித்தது. வரவேண்டிய தொகை சுமார் 40,000 பவுண்டு. வாசகர்கள் நன்கொடை திரட்டித் தந்ததால் பதிப்பகம் தப்பியது. எல்லோருக்கும் அப்படி வாசகர்கள் அமைவதில்லை. பாதிப் பணம் முன்கூட்டியே, விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்புவதில்லை என்ற எழுத்து உறுதி, இரண்டும் இல்லாமல் பெரிய ஆர்டரைத் தொடாதீர்கள்.

கேள்வி: எங்கள் புத்தகத்தின் முதுகில் தலைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. யார் தவறு?

பதில்: பெரும்பாலும் தாள் மாறியிருக்கும். 160 பக்கம் என்றால் 80 தாள். ஒரு தாள் 0.1 மி.மீ. என்றால் முதுகு 8 மி.மீ. அட்டையை அதற்கேற்ப வடிவமைத்த பிறகு, அச்சகத்தில் அதே 80 ஜிஎஸ்எம்மில் 0.13 மி.மீ. பருமனுள்ள தாளைப் போட்டால் முதுகு 10.4 மி.மீ. ஆகிவிடும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை, பருமன் அல்ல. அச்சடிக்கப்போகும் அதே தாளில் அச்சில்லாத மாதிரிப் புத்தகம் (டம்மி) ஒன்று பைண்ட் செய்து தரச் சொல்லி, முதுகை அளந்து, அதன் பிறகே அட்டையை முடியுங்கள். எழுத்துக்கு இருபுறமும் 1.5 மி.மீ. விடுங்கள், முதுகு 6 மி.மீ.க்குக் கீழ் என்றால் எழுத்தே வேண்டாம்.

டம்மியைத் திறந்தும் பாருங்கள். தாளின் நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்காக இருந்தால் புத்தகம் விறைப்பாகத் திறக்கும், ஈரக்காற்றில் பசை ஓரம் அலையலையாக நெளியும்.

கேள்வி: மொழிபெயர்ப்பு உரிமையை எத்தனை ஆண்டுக்கு வாங்குவது?

பதில்: ஐந்து முதல் ஏழு ஆண்டு. கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல, புத்தகம் வெளியான நாளிலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள். மின்னூலையும் ஒலிநூலையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் முன்னட்டையில் வரும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.