இடுப்பு வலி: எப்போது ஸ்பெஷலிஸ்டிடம் காட்ட வேண்டும்?

அறுபது தாண்டிய அம்மாவுக்கு சில மாதமாக இடுப்பு வலி, பாமசியில் வாங்கும் மாத்திரையில்தான் ஓடுகிறது, கொழும்பில் யாரிடம் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெரியம்மாவை இதே வலியோடு கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், எந்த இடம் என்று அம்மாவை ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். புட்டத்தில் தொடங்கிக் கால் வழியே கீழே இறங்கினால் பெரும்பாலும் முதுகெலும்பிலிருந்து வரும் நரம்பு வலி. தொடையின் வெளிப்பக்கம், அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் கூடுகிறது என்றால் அங்குள்ள தசைநார். தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் வலித்தால்தான் இடுப்பு மூட்டின் மேலேயே சந்தேகம் வர வேண்டும்.

பெரியம்மாவுக்கு அங்கேயும் வலிக்கவில்லை, முழங்காலில்தான் நோ. இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் போய்த் தெரிவது உண்டு. அது தெரியாமல் முழங்காலுக்கு எக்ஸ்ரே, முழங்காலுக்கு எண்ணெய், முழங்காலுக்கு ஊசி என்று மாதக்கணக்கில் போனது. காலி வீதியில் 101 பஸ்ஸில் ஏறும்போது சேலையோடு சேர்த்துத் தொடையைக் கையால் பிடித்துத் தூக்கித்தான் படியில் வைப்பார். கால் நகம் வெட்ட ஆள் வேண்டும். கடைசியில் பார்த்த டொக்டர் அவரைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் நகர்த்தினார். இடுப்பு திரும்பவே இல்லை, பெரியம்மா கத்திவிட்டார். பிறகு இடுப்புக்கு எடுத்த எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கும் அது பொருந்தும் குழிக்கும் நடுவே இடைவெளியே இல்லை. குருத்தெலும்பு அவ்வளவு தேய்ந்திருந்தது.

அதனால், சில வாரம் கவனித்தும் குறையவில்லை, நொண்டுகிறார், இரவில் வலியில் விழிக்கிறார், குனிந்து செருப்புப் போட முடியவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். எலும்பு மூட்டு சத்திரசிகிச்சை நிபுணரைச் சனல் பண்ணுங்கள், அதாவது தனியாரில் நேரம் பதிந்து காட்டுங்கள். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, மற்ற மூட்டுகளிலும் வீக்கம் என்றால் வாதநோய் நிபுணர். தேசிய வைத்தியசாலையில் ஓ.பி.டி. வழியாகக் கிளினிக்குக்கும் போகலாம், நேரம் எடுக்கும், அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒப்பரேஷன் தேவைப்படாது. உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் பலருக்கு நல்ல பலன் தரும்.

டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளை டொக்டரிடம் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்க விடாதீர்கள். பிரஷர், சிறுநீரகப் பிரச்சினை, வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு இது உண்மையிலேயே ஆபத்து. வேறு வருத்தத்துக்காக நீண்ட நாள் ஸ்டீரொய்ட் எடுத்தவர்களுக்குத் தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது சிதையலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். ஆகவே ஸ்டீரொய்ட் எடுத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சில நிலைமைகளில் சனல் பண்ணிக்கொண்டு இருக்கக் கூடாது. வயதானவர் விழுந்து எழும்ப முடியவில்லை, ஒரு கால் நீளம் குறைந்து வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் எலும்பு முறிந்திருக்கலாம். எண்ணெய் தடவாமல், நிமிர்த்தாமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். காய்ச்சலோடு மூட்டை அசைக்கவே முடியாத வலி வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிதான். சிறு பிள்ளை திடீரென்று நொண்டினாலும் தள்ளிப்போட வேண்டாம். கொழும்பில் அதற்கு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது.

அப்புறம் ஒன்று, இன்றைக்கே செய்யலாம். அம்மா ஊன்றுகோல் பிடிப்பதானால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள். வலிக்கிற பக்கமே பிடிப்பவர்கள்தான் அதிகம். கையை மாற்றினால் மூட்டில் இறங்கும் பாரம் குறையும்.