கூச்சப்படாமல் கேளுங்கள்: ஆசனவாய் வழி மூலிகை மருந்து

(பதில் சொல்பவர், பார்மசி கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியை)

என் கணவருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்). மலத்தோடு ரத்தம் போகிறது. டாக்டர் அழற்சியைக் குறைக்கும் மெசலமைன் மாத்திரையும் எனிமாவும் கொடுத்திருக்கிறார். செல்போனில் ‘நானோ மஞ்சள்’ சப்போசிட்டரி (ஆசனவாய்க்குள் வைக்கும் மருந்து) என்று ஒரு விளம்பரம் அடிக்கடி வருகிறது. எனிமாவை நிறுத்திவிட்டு அதை வைக்கலாமா? இல்லை, வீட்டு மஞ்சளையே காய்ச்சி வடிகட்டி ஏற்றலாமா?
– பெயர் வேண்டாம், கரூர்

இரண்டுமே வேண்டாம் அம்மா. ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மஞ்சளில் வேலை செய்கிற முக்கியமான சரக்கு குர்குமின். அது தண்ணீரில் கரையவே கரையாது. பீக்கரில் தண்ணீர் ஊற்றி, சுத்தமான குர்குமின் தூளை மேலே தூவிப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். மிதக்கும். கலக்கினால் கண்ணாடிச் சுவரில் ஒட்டும், மீதி அடியில் போய் உட்காரும். மலக்குடலில் இருக்கிற நீரோ மொத்தமே 1 முதல் 3 மில்லி. அதில் எவ்வளவு கரைந்துவிடும்?

அடுத்த தொல்லை காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை). ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவக்கிறதே, குர்குமின் காரத்தில் மாறுவதால்தான் அந்த நிறம். மலக்குடல் சுண்ணாம்பு அளவுக்குக் காரமானதல்ல, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு அங்கே 7 முதல் 8 வரைதான். குர்குமினுக்கு அதுவே ஆகாது. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் சூட்டில் பி.எச். 7.2 உள்ள கரைசலில் அரை மணி நேரத்திலேயே ஏறக்குறைய 90 சதவீதம் சிதைந்துபோனது.

நானோ துகள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. கொழுப்பிலோ பாலிமரிலோ 100, 200 நானோமீட்டர் அளவில் உருண்டைகள் செய்து, குர்குமினை அதற்குள் அடைத்துவிட்டால் நீரும் காரமும் அதை எளிதில் அண்டாது. அடியில் படியாமல் குடல் சுவரெங்கும் பரவும். அளவுக்கும் தனிப் பலன் உண்டு. எலிகளுக்கு வாய் வழியாகப் பல அளவுத் துகள்களைக் கொடுத்துப் பார்த்த 2001ஆம் ஆண்டு ஆய்வில், அழற்சி கண்ட குடலில் அதிகமாகத் தங்கியது இருப்பதிலேயே சிறியதான 100 நானோமீட்டர் துகள்தான்.

சரி, மனிதர்களுக்கு? டெல்லி எய்ம்ஸில் மஞ்சள் எனிமாவையே சோதித்திருக்கிறார்கள். 2014இல் முடிவு வெளியானது. அது நானோ அல்ல, தரப்படுத்திய குர்குமின் சத்து. உங்கள் கணவருக்கு இருக்கும் இதே நோய், குடலின் கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்த 45 பேர். 8 வாரம். மஞ்சள் எனிமா எடுத்த 23 பேரில் 13 பேருக்குக் குணம் தெரிந்தது, மஞ்சள் சேர்க்காத வெற்று எனிமா எடுத்த 22 பேரில் 8 பேருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதுதான் கணக்கு. கடைசிவரை தவறாமல் எடுத்தவர்களை மட்டும் பார்த்தபோது வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: 45 பேருமே மெசலமைன் மாத்திரையையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மஞ்சளை நம்பி மருந்தை நிறுத்தலாம் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை. நிறுத்தினால் நோய் திரும்பக் கிளம்பும், ரத்தப்போக்கு கூடும்.

விளம்பரச் சரக்கு விஷயத்துக்கு வருகிறேன். அட்டையில் நானோ என்று அச்சடிப்பது சுலபம். துகளின் அளவு என்ன, உள்ளே மருந்து எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில் வெளிவருகிறது, கோடை வெயிலில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்றெல்லாம் காட்ட வேண்டும். நானோ மருந்துகளை எப்படி மதிப்பிடுவது என்று மத்திய அரசே 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. உரிம எண்ணையும் சோதனை விவரத்தையும் கேளுங்கள். வந்தால் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் சொல்லாமல் வைக்காதீர்கள்.

வீட்டில் காய்ச்சுவது இன்னும் ஆபத்து. புண்ணான குடலில் கிருமியோடு சூடான தண்ணீரை ஏற்றுவது போலாகிவிடும். கடை மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்ப்பதும் நடக்கிறது. சமையலுக்கே பார்த்து வாங்க வேண்டிய பொருள் அது.

ஆசனவாயில் வைக்கும் மருந்து கல்லீரலுக்குப் போகாமல் நேரே ரத்தத்தில் சேரும் என்கிறார்களே, உண்மையா? மூலிகையிலிருந்து வந்த மருந்து ஏதாவது இந்த வழியில் பயன்படுகிறதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பாதி உண்மை ஐயா. மலக்குடலின் கீழ், நடு ரத்தக்குழாய்கள் கல்லீரலைத் தொடாமல் பெருஞ்சிரையில் சேர்கின்றன. மேல் குழாய் கல்லீரலுக்குத்தான் போகிறது. சப்போசிட்டரி எவ்வளவு மேலே நகர்கிறதோ, அந்த அளவுக்கு இந்தச் சலுகை குறையும்.

இரண்டாவது கேள்விக்கு மகிழ்ச்சியான பதில் இருக்கிறது. சீனத்து மூலிகை ஒன்றிலிருந்து ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்தைப் பிரித்ததற்காகச் சீன விஞ்ஞானி து யூயூ அம்மையாருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அதிலிருந்து செய்கிற ஆர்டெசுனேட், 100 மில்லிகிராம் சப்போசிட்டரியாகவே வருகிறது. கடும் மலேரியா கண்டு, வாயால் எதையும் விழுங்க முடியாமல் கிடக்கிற 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, ஆஸ்பத்திரி தொலைவில் இருந்தால், கிராமத்திலேயே இதை வைத்துவிட்டு உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதுவே முழு சிகிச்சை ஆகாது, போகிற வழியில் உயிரைப் பிடித்து வைக்கத்தான். 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் தர ஒப்புதலும் கிடைத்தது. இதில் நானோ எதுவும் கிடையாது. முகம் சுளிக்கப்படுகிற இந்த வழி எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்காகச் சொன்னேன்.

சித்த மருத்துவத்தில் பீச்சு (எனிமா போல ஆசனவாய் வழியாக மருந்தை ஏற்றுவது) இருக்கிறது. மூலிகைச் சாற்றை நானோ வடிவில் பீச்சாகக் கொடுப்பதை ஆய்வுத் தலைப்பாக எடுக்க ஆசை. எங்கே தொடங்கட்டும்?
– மாணவர், பாளையங்கோட்டை

நல்ல ஆசை தம்பி. முதலில் எதை அளக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒரு சாற்றில் பல சரக்குகள் இருக்கும். கொழுப்பில் கரைவது துகளுக்குள் போகும், நீரில் கரைவது வெளியே நின்றுவிடும். அப்போது நீங்கள் கொடுப்பது பழைய சாறே அல்ல. பல ஆய்வேடுகள் இந்த இடத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுகின்றன, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அப்புறம், மருந்து குடல் சுவரில் தங்க வேண்டுமா, சளிப்படலத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டுமா? இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசன் நேர்மின்னூட்டம் கொண்டது, சளியோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் சளி கழன்று போகும்போது அதுவும் போய்விடும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரைப் போர்த்திய துகள் ஒட்டாமல் நழுவி உள்ளே போகும். வைத்த மருந்து வழிந்துவிடாமல் இருக்க பொலாக்ஸமர் 407 என்ற பாலிமரைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய்க்கு நேர் எதிர் குணம் அதற்கு: குளிரில் நீர்மம், உடல் சூட்டில் கெட்டி. உங்கள் ஊர் மே மாத வெயிலில் அது குப்பிக்குள்ளேயே கெட்டியாகிவிடக் கூடாது. அந்தச் சோதனையை முதல் மாதமே செய்துவிடுங்கள்.

நான்கு மாதப் பேரன், தாய்ப்பால் மட்டும்தான். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைக்கட்டுமா?
– பாட்டி, மதுரை

வேண்டாம்மா. காம்பு நுனி உள்ளே கீறிவிடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை சில நாள் போகாமல் இருப்பது சகஜம். நன்றாகப் பால் குடித்து, சிரித்து விளையாடி, போகும்போது இளக்கமாகப் போனால் கவலை இல்லை. வயிறு உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.