சீசனில் ஊட்டியில் தங்கியிருக்கும்போது ஆங்கில ஆக்‌ஷன் படத்தின் அடுத்த பாகம் வெளியாகிறது. டிரெய்லர்கள் முடிகிற நேரத்துக்குப் போனால் போதாதா? இங்கேயே பார்ப்பதா, கோவைக்கு இறங்குவதா?

போதாது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கே உட்கார்ந்துவிடுங்கள். டிரெய்லர் ஓடும் அந்தப் பத்து நிமிடம்தான் தியேட்டரைச் சோதித்துக்கொள்ள உங்களுக்குக் கிடைக்கிற நேரம். கோளாறு எதுவானாலும் அப்போதே படம் ஓட்டும் அறையான கேபினுக்குச் சொல்லிவிடலாம். படம் தொடங்கி முதல் துரத்தல் ஓடும்போது எழுந்து போக யாருக்கும் மனசு வராது, பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை பார்ப்பார்கள்.

முதலில் ஒலி. பெரும்பாலான தியேட்டர்களில் ஒலியைக் கையாளும் கருவியான டால்பி ப்ராசஸரில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 0 முதல் 10 வரை. படத்தை மிக்ஸ் செய்கிறவர்கள் 7 என்ற அளவை வைத்துத்தான் செய்கிறார்கள். 4-க்கு மேலே ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 3.3 டெசிபல் வித்தியாசம். படத்தில் சத்தமும் அமைதியும் மாறி மாறி வரும். டிரெய்லர் அப்படியில்லை, இரண்டு நிமிடமும் உச்சத்திலேயே அடிக்கும். காதைப் பொத்திக்கொண்டு யாராவது புகார் சொன்னால் ஆபரேட்டர் 5-க்கு இறக்குவார். படம் தொடங்கும்போது அதைத் திரும்ப ஏற்ற மறந்துவிட்டால் ஆறரை டெசிபல் போச்சு. வெடிச்சத்தம் கேட்கும், ரகசியம் பேசுகிற வசனம் கேட்காது. அதனால் டிரெய்லர் சத்தத்துக்காகப் புகார் சொல்லாதீர்கள், அதைப் பொறுத்துக்கொள்வதுதான் லாபம். படத்தின் முதல் அமைதியான வசனத்தைக் கவனியுங்கள். முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தால் கேபின் வாசலில் போய், "அண்ணா, ஃபேடர் எதுல இருக்கு? படத்துக்குக் கொஞ்சம் ஏத்துங்க" என்றால் போதும். வெறுமனே "சவுண்டு சரியில்லை" என்றால் எதைச் சொல்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது.

இதே கூத்து இடைவேளைக்குப் பிறகும் நடக்கும். ஆங்கிலப் படத்தில் இடைவேளை என்று ஒன்று எழுதப்பட்டிருக்காது. நம் ஊரில்தான் நடுவில் வெட்டி நிறுத்துகிறார்கள், அதுவும் பெரும்பாலும் சண்டைக்கு நடுவில்! திரும்பவும் விளம்பரம், மிச்ச டிரெய்லர், பிறகு படம். ஃபேடரை விளம்பரத்துக்காக இறக்கியிருந்தால் இரண்டாம் பாதி முழுக்க மந்தமாகப் போகும்.

டிரெய்லரில் இசை அதிர்கிறது, பேச்சு மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் அது அளவுக் கோளாறு அல்ல. திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரோ அதன் ஆம்ப்ளிஃபையரோ வேலை செய்யவில்லை. வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. இதைக் கட்டாயம் படத்துக்கு முன்பே சொல்ல வேண்டும்.

அடுத்து, படச்சட்டம். 2கே டிஜிட்டல் படம் இரண்டு வடிவில் வரும்: உயரம் கூடிய ஃப்ளாட் 1998×1080 புள்ளிகள், அகலமான ஸ்கோப் 2048×858 புள்ளிகள். ஆக்‌ஷன் படங்களில் பாதிக்கு மேல் ஸ்கோப்தான். ஆனால் அதன் டிரெய்லரை ஃப்ளாட் சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து அனுப்புவது உண்டு. அதை அகலமான ஸ்கோப் திரையில் ஃப்ளாட் அமைப்பிலேயே ஓட்டினால் நாலு பக்கமும் கறுப்பு விழுந்து, நடுவில் சின்னதாகத் தெரியும். டிரெய்லரில் இது தியேட்டரின் தப்பு அல்ல. படம் தொடங்கிய பிறகும் அப்படியே நின்றாலோ, ஓரம் திரைக்கு வெளியே வழிந்தாலோ லென்ஸ் அமைப்பை மாற்றவில்லை என்று அர்த்தம். கேபினில் ஒரு பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும்.

3டி என்றால் இன்னொன்று. ஆழம் தலைகீழாகத் தெரிந்து தலை வலித்தால் கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பிக் கண்முன் பிடித்துப் பாருங்கள். அப்போது சரியாகத் தெரிந்தால் இடக்கண், வலக்கண் படங்கள் மாறி ஓடுகின்றன. மலைக்குளிரிலிருந்து கூட்டம் நிறைந்த அரங்குக்குள் நுழைந்ததும் கண்ணாடி ஆவி பூத்துவிடும், அதைப் பார்த்துவிட்டு ஃபோகஸ் சரியில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். இருட்டான திரையில் 3டி பார்ப்பதைவிட 2டி எவ்வளவோ மேல். 2டி-க்குத் திரையில் இருக்க வேண்டிய வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தின் அலகு), 3டி-யில் அதில் மூன்றில் ஒரு பங்கு கண்ணுக்கு வந்தாலே அதிர்ஷ்டம்.

மலைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அதே வேகத்தில் சுற்றினாலும் ப்ரொஜெக்டரின் மின்விசிறி குறைவான சூட்டைத்தான் வெளியே தள்ளும். உயரத்துக்கு ஏற்ற அமைப்பை ப்ரொஜெக்டரில் போடாமலோ ஃபில்டரில் தூசி அடைந்தோ இருந்தால், வெளியே எவ்வளவு குளிர் அடித்தாலும் உள்ளே சூடேறி லாம்ப் அணைந்துவிடும். எது போனது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லலாம்: திரை இருண்டு ஒலி தொடர்ந்தால் லாம்ப் அல்லது ப்ரொஜெக்டர்; படம் ஓடி ஒலி நின்றால் ப்ராசஸர் அல்லது ஆம்ப்ளிஃபையர்; இரண்டும் உறைந்து நின்றால் படக் கோப்பை ஓட்டும் கணினியான சர்வர்; விளக்கெல்லாம் போனால் மே மாத மதிய மழையில் கரண்ட். சர்வர் மறுபடி எழுந்துவரச் சில நிமிடம் ஆகும். விட்ட இடத்துக்கு ஒரு நிமிடம் முன்னாலிருந்து போடச் சொல்லுங்கள்.

டிரெய்லர் ஓடி முடிந்தும் படம் வராமல் திரை வெறுமையாக நிற்கிறதா? முதல் நாள் முதல் ஷோ என்றால் பெரும்பாலும் சாவி வரவில்லை. டிரெய்லருக்குப் பொதுவாகப் பூட்டு கிடையாது, படத்துக்கு உண்டு. அந்த சர்வருக்கென்றே, தொடக்க நேரமும் முடிவு நேரமும் குறித்த டிஜிட்டல் சாவி மெயிலில் வரும். தமிழ் டப்பிங் பிரதிக்கு ஒன்று, ஆங்கிலப் பிரதிக்கு வேறொன்று. மொழி மாறி வந்தால் கோப்பு இருந்தும் திறக்காது.

புகையிலை எச்சரிக்கை ஓடி, தணிக்கைச் சான்றிதழ் வந்துவிட்டால் படம்தான். டிரெய்லருக்கும் தனிச் சான்றிதழ் உண்டு என்பதால் அதில் இருக்கும் பெயரைப் பாருங்கள். அப்படியே நீளம் எத்தனை நிமிடம் என்பதையும் பார்த்து, இடைவேளைக்கு ஒரு கால் மணி கூட்டினால் வெளியே வரும் நேரம் கிடைத்துவிடும். மலையேற வேண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

இனி கோவை. சாதாரணப் படத்துக்கு இறங்காதீர்கள், மூன்று மணி நேரப் பயணத்துக்கு ஈடாகாது. பெரிய திரைக்கென்றே எடுத்த படம் என்றால் மட்டும் இறங்கலாம். இறங்கும்போது சுமார் 1,800 மீட்டர் வித்தியாசத்தில் காது அடைத்துக்கொள்ளும். அடைத்த காதோடு போய் உட்கார்ந்தால் எந்த டிரெய்லரும் மந்தமாகத்தான் கேட்கும். மேட்டுப்பாளையம் வருவதற்குள் எச்சில் விழுங்கி, கொட்டாவி விட்டு, மிட்டாய் மென்று காதைத் திறந்துவிடுங்கள். சளி பிடித்திருந்தால் மூக்கைப் பொத்தி பலமாக ஊத வேண்டாம்.

வெளியூர் வண்டி என்றால் திரும்ப ஏறும்போது மலையடிவாரக் கல்லாறில் இ-பாஸ் (மலைக்கு வண்டி ஏற இணையத்தில் எடுக்கும் அனுமதி) கேட்பார்கள். 2025 சீசனில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு அது 4,000, 6,000. அதனால் பாஸை உறுதிசெய்துவிட்டு சினிமா டிக்கெட் எடுங்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தக் கவலையே இல்லை. கொடைக்கானலிலிருந்து இறங்குகிறவர்களுக்கு வத்தலகுண்டு வழியாகத் திண்டுக்கல்லோ மதுரையோ. காதுக் கணக்கும் பாஸ் கணக்கும் அவர்களுக்கும் இதேதான்.

எங்கே இறங்கினாலும் காலைக் காட்சிக்கே எடுங்கள். மாலைக் காட்சி முடிந்து ஏறினால் பர்லியாறு பக்கம் யானை, அதற்கு மேல் மூடுபனி. கூடலூர்க்காரர்கள் மைசூருக்குப் போவதாக இருந்தால் மேட்னிக்கு மேல் எடுக்கவே கூடாது, பந்திப்பூர் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும்.