கூம்பு ஃபில்டர் வாங்கும் முன்: டர்போ கார் இன்டேக் பற்றிய கேள்வி பதில்

டர்போ காருக்கு (எக்ஸாஸ்ட் புகையால் சுழலும் டர்பைன், ஒரு கம்ப்ரசரைச் சுழற்றி எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கார்) வெளிச்சந்தையில் கிடைக்கும் இன்டேக்கை (காற்று உள்ளே போகும் ஃபில்டரும் குழாயும்) வாங்கிப் பொருத்தலாமா, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் பிழைப்பு டியூன் செய்வது, அதாவது எஞ்சின் கணினியின் அமைப்புகளைத் திருத்துவது. இன்டேக் விற்பதில்லை. ஆகவே சில பதில்கள் கசக்கலாம்.

கேள்வி: 2 லிட்டர் டர்போ கார், கம்பெனி டியூனில்தான் ஓடுகிறது. இன்டேக்கை மட்டும் மாற்றினால் 20 குதிரைத்திறன் கூடும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அச்சடிக்க மை இருந்தால் போதும். இன்றைய ஈசியு (எஞ்சினை இயக்கும் கணினி) ஒரு முறுக்குவிசை இலக்கை வைத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய பூஸ்ட்டை (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) வேஸ்ட்கேட் (டர்பைனைச் சுற்றிப் புகையைத் திருப்பிவிடும் வால்வு) மூலம் வரவழைக்கிறது. காற்று தடையில்லாமல் வந்தால் டர்போ அதே பூஸ்ட்டைக் குறைந்த உழைப்பில் தரும். உடனே ஈசியு வேஸ்ட்கேட்டை இன்னும் சற்றுத் திறந்து கணக்கை நேர் செய்துவிடும். பூஸ்ட் கொஞ்சம் முன்னதாக ஏறுவதை நீங்கள் உணரலாம். உச்சத் திறனில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். டைனோ (காரின் திறனை அளக்கும் மேடை) வரைபடத்தைக் காட்டினால், பானெட் திறந்திருந்ததா, முன்னால் பெரிய மின்விசிறி ஓடியதா என்று கேளுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஓட்டப் போவதில்லை அல்லவா?

கேள்வி: அப்படியானால் டர்போ காரில் இன்டேக் மாற்றுவதே வீண்தானா? எப்படியும் டர்போதான் காற்றை இழுத்துத் தள்ளுகிறதே.

பதில்: வீண் இல்லை. டர்போ காரில் இன்டேக்கின் தடை இருமடங்கு தண்டனை தரும் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

கம்ப்ரசரைப் பொறுத்தவரை முக்கியமானது அழுத்த விகிதம்: வெளியேறும் அழுத்தத்தை உள்ளே வரும் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. வெளிக்காற்று 1 பார், பூஸ்ட் 1.4 பார் என்று வையுங்கள். மொத்தம் 2.4 பார், தடை ஏதும் இல்லையென்றால் விகிதம் 2.4. இப்போது ஃபில்டரும் குழாயும் சேர்ந்து 0.07 பார் விழுங்கிவிட்டால், கம்ப்ரசரின் வாயில் இருப்பது 0.93 பார்தான். அதே 2.4 பாரை எட்ட விகிதம் 2.58 ஆக வேண்டும். 30 டிகிரி வெளிக்காற்றும் 70 சதவீதக் கம்ப்ரசர் திறனும் வைத்துக் கணக்கிட்டால், வெளியேறும் காற்று ஏறத்தாழ 12 டிகிரி கூடுதலாகச் சூடாகும். அதைத் தள்ள டர்பைன் அதிகம் உழைக்க வேண்டும். அதற்காக எக்ஸாஸ்ட் பக்கம் எதிரழுத்தம் ஏறும்.

பூஸ்ட்டை உயர்த்தி டியூன் செய்த காரில், குறிப்பாகச் சிறிய டர்போவை அதன் எல்லைவரை விரட்டுகிறவர்களுக்கு, இந்த 0.07 பார் உண்மையான வித்தியாசம். கம்பெனி டியூனில் ஓடும் காருக்கு அது அலமாரியில் கிடக்கும் சேமிப்பு மட்டுமே.

கேள்வி: என் காரின் இன்டேக் தடையாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். டர்போவுக்குச் சற்று முன்னால் குழாயில் ஒரு சிறு முனை வைத்து, வெற்றிடத்தையும் அளக்கக்கூடிய அழுத்தமானியை இணையுங்கள். பந்தயத் தடத்திலோ டைனோவிலோ மூன்றாம் கியரில் முழு முடுக்கில் ரெட்லைன் (எஞ்சின் சுழற்சியின் மேல் எல்லை) வரை போய், அளவு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பதிவு செய்யுங்கள். பிறகு அதே முனையை ஃபில்டருக்கு முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வைத்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும்.

நான் அளந்த கார்களில் ஃபில்டர் பெரும்பாலும் நிரபராதி. குற்றவாளி ஒன்று, மழைநீர் வராமலும் ஓசை கேட்காமலும் இருக்கக் கம்பெனி குறுக்கி வைத்திருக்கும் முன்மூக்குக் குழாய். இல்லையென்றால் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். பழைய ஈஜே வகை சுபாரு எஞ்சினில் இந்த ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த்தொகுதி) அடியில் நெளிந்து போகும். மாற்றுவதற்குள் கை தோல் உரிந்துவிடும். ஆனால் தடை அங்கே இருக்கும்போது பளபளப்பான கூம்பு வாங்கி என்ன பயன்?

கேள்வி: கம்பெனிக் குழாய் சென்சார் இருக்கும் இடத்தில் 70 மில்லிமீட்டர் விட்டம். கிட்டில் வருவது 76. பெரிதுதானே நல்லது?

பதில்: இங்கேதான் எஞ்சின்கள் சாகின்றன. நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் காரில் மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் நிறையை அளப்பது) இருந்தால், அதிலுள்ள சூடான கம்பி தன்னைக் கடக்கும் காற்றின் வேகத்தையும் அடர்த்தியையும்தான் உணர்கிறது. குழாய் 70 மில்லிமீட்டர் என்ற நம்பிக்கையில்தான் ஈசியு அதை மொத்தக் காற்றாக மாற்றிக் கணக்கிடுகிறது. 76 ஆனதும் பரப்பு 18 சதவீதம் கூடுகிறது. அதே காற்று மெதுவாகப் போகிறது. சென்சார் ஏறத்தாழ 15 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து எரிபொருளைத் திருத்திவிடும். முழு முடுக்கில் அந்தத் திருத்தத்தைக் கைவிடும் ஈசியுக்கள் உண்டு. அப்போது கலவையில் எரிபொருள் குறையும். அதோடு, காற்று குறைவு, சுமை குறைவு என்று நம்பி ஈசியு தீப்பொறியையும் முன்கூட்டியே விடும். இரண்டும் சேர்ந்தால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது), அடுத்து சாவது பிஸ்டன்.

விட்டம் மாறினால் டியூன் மாறியாக வேண்டும். டியூன் செய்ய விருப்பமில்லை என்றால், சென்சார் இருக்கும் பகுதி கம்பெனி அளவிலேயே உள்ள கிட்டை வாங்குங்கள். அப்போதும் சென்சாருக்குச் சற்று முன்னால் நேரான குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். வளைவை ஒட்டியே சென்சாரை வைத்தால் காற்று சுழன்று ஐடிலில் எஞ்சின் தள்ளாடும். பழைய குழாயில் தேன்கூடு வலை இருந்தால், அது அழகுக்காக வைத்ததில்லை.

மாஃப் இல்லாமல் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கேள்வி: அண்ணா, எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரா, உலர் ஃபில்டரா?

பதில்: தெருக் காருக்கு உலர் ஃபில்டர், தம்பி. எண்ணெய் ஃபில்டர் கெட்டது என்பதில்லை. கழுவுகிற நாம்தான் கெட்டவர்கள். நானே ஒருமுறை கழுவி, தாராளமாக எண்ணெய் விட்டு, காயவிடாமல் மாட்டினேன். இரண்டு நாளில் மாஃப் கம்பியில் எண்ணெய்ப் படலம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் நான் சந்தேகப்படாத பாகம் காரில் இல்லை. வாங்கும்போது ஐஎஸ்ஓ 5011 (காற்று ஃபில்டர் சோதனைக்கான பன்னாட்டுத் தரநிலை) முறைப்படி சோதித்த முடிவைக் கேளுங்கள். அதில் தடை எவ்வளவு என்பதோடு தூசியைப் பிடிக்கும் சதவீதத்தையும் பாருங்கள். முதலாவதை மட்டும் விளம்பரம் செய்கிறவரிடம் இரண்டாவதை விடாமல் கேளுங்கள். மணல் தூள் கம்ப்ரசர் சக்கரத்தின் விளிம்பைத் தேய்த்துவிடும்.

கேள்வி: பானெட்டுக்குள் திறந்த கூம்பு வைத்தால் சூடான காற்றைத்தானே இழுக்கும்?

பதில்: இழுக்கும். நெரிசலில் நிற்கும்போது உள்ளே வரும் காற்றின் வெப்ப அளவு பயமுறுத்தும். வேகம் எடுத்ததும் இறங்கும். டர்போ காரில் இன்டர்கூலர் (கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விப்பது) ஓரளவு காப்பாற்றுகிறது. உள்ளே வரும் காற்று 20 டிகிரி கூடினால் மேலே சொன்ன விகிதத்தில் கம்ப்ரசருக்குப் பின் 28 டிகிரி கூடும். 75 சதவீதத் திறனுள்ள இன்டர்கூலர் அதில் 7 டிகிரியைத்தான் மிச்சம் விடும். அந்த 7 எனக்கு வேண்டாம் என்பதால், மூடிய பெட்டியும் வெளியிலிருந்து காற்று வரும் வழியும் உள்ள கிட்டைத்தான் சொல்வேன். தகரத் தடுப்பை மூன்று பக்கம் வைத்து மேலே திறந்துவிட்டிருப்பதைப் பெட்டி என்று விற்கிறார்கள். பானெட்டின் அடியில் ரப்பர் விளிம்பு ஒட்டி மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழாய் கார்பன் ஃபைபரா, அலுமினியமா?

பதில்: 300 குதிரைத்திறன் அளவில் 76 மில்லிமீட்டர் குழாயில் காற்று விநாடிக்கு 40 மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. ஒரு மீட்டர் குழாயைக் கடக்க விநாடியின் நாற்பதில் ஒரு பங்கு போதும். அதற்குள் என்ன சூடேறிவிடப் போகிறது? பார்வைக்குப் பிடித்ததை வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு ஓசைதான் வேண்டும். தவறா?

பதில்: இல்லவே இல்லை. இங்கே எழுதியவர்களில் உங்களுக்கு மட்டுமே பணம் வீணாகாது.

கேள்வி: இன்டேக் மாற்றியபின் எச்சரிக்கை விளக்கு, பி0171 என்று வருகிறது.

பதில்: கலவையில் எரிபொருள் குறைவு என்று பொருள். மாஃப் இருக்கும் குழாயின் விட்டத்தை மாற்றியிருந்தால் காரணம் மேலே இருக்கிறது. இல்லையென்றால் சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையில் எங்கோ அளக்கப்படாத காற்று நுழைகிறது. எஞ்சின் மூச்சுக்குழாய் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் சிறு குழாய்) இணைப்பை முதலில் பாருங்கள். அவசரத்தில் பாதி செருகியிருப்பீர்கள். பிறகு கிளாம்ப்கள். அதிலும் தெரியவில்லை என்றால், குழாய்க்குள் புகையைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்க்கும் புகைச் சோதனை.

கேள்வி: ஐயா, நேற்று நானே பொருத்தினேன். எல்லாம் முடிந்தபின் ஒரு சிறிய நட் மட்டும் காணவில்லை. ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: சாவியைத் தொடாதீர்கள். கம்ப்ரசர் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். குழாயைத் திரும்பக் கழற்றி, டர்போவின் வாய்வரை விளக்கடித்துப் பாருங்கள். காந்தக்குச்சியை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டெயின்லெஸ் நட் பெரும்பாலும் அதில் ஒட்டாது. கிடைத்ததும் எழுதுங்கள்.