கேமரா என்றால் அறை: ஒரு லத்தீன் சொல்லைப் பற்றிய கேள்வி பதில்

கேமரா, சேம்பர், காம்ரேட் மூன்றும் ஒரே வேர் என்று முன்பு ஒரு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். மூலச்சொல் லத்தீன் 'கமெர'. மூன்று குறில் அசைகள், அழுத்தம் முதல் அசையில். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

ஐயா, படம் பிடிக்கும் கருவிக்குப் போய் 'அறை' என்று எப்படிப் பெயர் வந்தது? (திருச்சி)

அறை என்பதே இரண்டாவது பொருள்தான். முதற்பொருள் வளைந்த கூரை. கிரேக்கத்தில் 'கமாரா' என்றால் வளைவாக மூடிய எதுவும். பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் மூடுவண்டிக்கும் அந்தச் சொல்லைத்தான் ஆள்கிறார். நம் கூண்டு வண்டியின் கூண்டை நினைத்துக்கொண்டால் போதும். தெசலோனிகி நகரத்தில் உள்ள கலேரியஸ் வளைவை ஊர்க்காரர்கள் இன்றும் 'கமாரா' என்றே சொல்கிறார்கள்.

லத்தீனில் அது எவ்வளவு துல்லியமான கட்டடச் சொல் என்பதற்கு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சாட்சி. தம் நூலின் ஏழாம் புத்தகத்தில் 'கமெர' போடும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறார்: மரச்சட்டங்களை இரண்டு அடிக்கு மேல் இடைவெளி விடாமல் வரிசையாக வை, தேவதாரு வகை மரம் வேண்டாம், சீக்கிரம் உளுத்துப்போகும், சைப்ரஸ் நல்லது, சட்டங்களை வளைவாக நிறுத்தி, நசுக்கிய நாணலை ஸ்பெயின் நார்க்கயிற்றால் அவற்றோடு கட்டு, பிறகு அடிப்பக்கம் பூசு. இதில் 'அறை' எங்கும் இல்லை, தலைக்கு மேலுள்ள வளைவு மட்டும்தான். பிற்கால லத்தீனில்தான் கூரையின் பெயர் அந்தக் கூரைக்குக் கீழிருந்த இடத்துக்கு இறங்கியது.

1604இல் வானியலாளர் கெப்ளர் தம் ஒளியியல் நூலில் 'கமெர ஒப்ஸ்கூர', அதாவது இருட்டறை, என்று எழுதினார். ஒரு சிறு துளை வழியே வெளிக்காட்சி தலைகீழாக எதிர்ச்சுவரில் விழும் அறை அது. அறை பெட்டியாகச் சுருங்கியது, துளையில் லென்ஸ் வந்தது. 1839இல் பிரெஞ்சுக்காரர் டாகேர் தம் நிழற்பட முறையை வெளியிட்டபோது அந்தப் பெட்டிக்குள் வெள்ளி பூசிய தகடு உட்கார்ந்தது. 'இருட்டு' உதிர்ந்து 'அறை' மட்டும் பெயராக நின்றது.

அரபி 'கமர்' (நிலா) அல்லது 'கும்ரா' என்ற சொல்லிலிருந்துதான் கேமரா வந்தது, அரபு அறிஞர் இப்னு அல்ஹைதம் வைத்த பெயர் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? (காயல்பட்டினம்)

தவறு. காலக்கணக்கே போதும். இப்னு அல்ஹைதம் வாழ்ந்தது ஏறத்தாழ 965 முதல் 1040 வரை. விட்ருவியஸ் எழுதியது பொது ஆண்டுக்கு முன் முதல் நூற்றாண்டில். சொல் அவருக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. துளை வழியே ஒளி வரும் விதத்தை ஆராய்ந்ததில் இப்னு அல்ஹைதமின் இடம் மிகப் பெரியது. அதைச் சொல்லப் பொய் வேர் தேவையில்லை. அரபியில் அந்த இருட்டறைக்கு 'அல்பைத் அல்முழ்லிம்' என்று பெயர், நேர்ப்பொருள் 'இருண்ட வீடு'. நிலா அதில் இல்லை.

பிரெஞ்சில் 'ஷாம்ப்ர்' (அறை), ஆங்கிலத்தில் 'சேம்பர்'. லத்தீனில் இல்லாத 'ப்' எங்கிருந்து முளைத்தது? 'க' எப்படி 'ச' ஆனது? (தஞ்சாவூர்)

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி. அழுத்தம் முதல் அசையில் விழுந்ததால் நடு உயிர் தேய்ந்து 'கம்ர' ஆனது. இப்போது 'ம்ர' என்று சொல்லிப் பாருங்கள். 'ம்'முக்கு உதடு மூடியிருக்கிறது, மூக்கு வழி திறந்திருக்கிறது. 'ர'வுக்குப் போக இரண்டும் மாற வேண்டும். மூக்கு வழி ஒரு கணம் முந்தி அடைபட்டால், மூடிய உதடு திறக்கும்போது 'ப்' தானாக வெடிக்கும். லத்தீன் 'நுமெருஸ்' (எண்) பிரெஞ்சில் 'நோம்ப்ர்' ஆனதும் இதே வழியில்தான். நம் பக்கத்திலும் உண்டு. சமஸ்கிருத 'ஆம்ர' (மா) மராத்தியில் 'ஆம்பா'. தாமிரபரணியைத் தாம்பிரபரணி என்றும் எழுதுகிறோம் அல்லவா?

'க'வுக்கு வருவோம். பழைய பிரெஞ்சில் 'அ'வுக்கு முன் வந்த 'க' 'ச்ச' ஆனது, பிறகு 13ஆம் நூற்றாண்டு வாக்கில் 'ஷ' ஆனது. ஆங்கிலம் முதல் படியிலேயே சொல்லை வாங்கிவிட்டதால் 'சேம்பர்' என்று நின்றுவிட்டது. 'சீஃப்', 'ஷெஃப்' இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு காலத்து இறக்குமதிகள். முதலெழுத்தைக் கேட்டாலே எது முந்தி வந்தது என்று சொல்லிவிடலாம்.

காம்ரேட்டுக்கும் அறைக்கும் என்ன தொடர்பு, தோழர்? (கோவை)

ஸ்பானிய 'கமராதா'. முதலில் ஓர் அறையில் சேர்ந்து தங்கும் படைவீரர் கூட்டத்தின் பெயர். இறுதியில் உள்ள 'ஆதா' கூட்டத்தைக் காட்டும் விகுதி, 'அர்மாதா'வில் (போர்க்கப்பல் கூட்டம்) வருவதுபோல. பிறகு அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் அதுவே பெயரானது. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அரசியல் பொருள் மிகவும் பிந்தியது. ரஷ்ய 'தவாரிஷ்' (தோழர்) வேறு வேர், இதில் சேர்க்காதீர்கள்.

'இன் கேமரா விசாரணை' என்றால் வீடியோ பதிவோடு நடப்பதா? செய்தியில் அப்படித்தான் புரிகிறது. (மதுரை)

நேர் எதிர். 'நீதிபதியின் அறைக்குள்' என்பது பொருள்: பொதுமக்களை வெளியே வைத்து, கதவை மூடி நடத்துவது. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327(2) பிரிவு பாலியல் வன்புணர்ச்சி வழக்குகளை இப்படி நடத்தச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 366ஆம் பிரிவு. நீதிமன்ற அனுமதியின்றி அந்த விசாரணையை வெளியிடுவதற்கும் தடை உண்டு. 'கேமரா முன்னிலையில் விசாரணை' என்று மொழிபெயர்ப்பவர் பாதிக்கப்பட்டவருக்குச் சட்டம் தரும் மறைவையே தலைகீழாக்குகிறார். செய்தி எழுதும் நண்பர்களே, 'மூடிய அறை விசாரணை' என்று எழுதுங்கள்.

வர்த்தகச் சங்கம், நாடாளுமன்ற அவை, கருவூலம் எல்லாவற்றுக்கும் ஐரோப்பாவில் இதே சொல் வருகிறதே? (சென்னை)

இரண்டு வழிகள். கூடும் இடத்தின் பெயர் கூடுகிறவர்களுக்கு ஆனது ஒன்று. தமிழில் 'சபை' இரண்டையும் குறிக்கிறதே, அதேபோல. இத்தாலியின் கீழவை 'கமெரா', நெதர்லாந்தின் கீழவை 'ட்வேட கமர்' (இரண்டாம் அறை). மற்றது பணப்பெட்டி. அரசனின் பணம் அவன் உள்ளறையில் இருந்ததால் அறை கருவூலமானது. ஜெர்மன் நகராட்சிகளில் நிதிப் பொறுப்பாளர் இன்றும் 'கெம்மரர்'. அரசு நிதி நிர்வாகத்தைப் பாடமாகக் கற்பிக்க 1727இல் பிரஷ்ய மன்னர் ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இருக்கை ஏற்படுத்தியபோது அதன் பெயரிலும் இந்தச் சொல் இருந்தது.

'சேம்பர்லேன்' இன்னும் சுவையானது. லத்தீன் சொல் ஜெர்மானிய மொழிக்குப் போய், அங்கே 'லிங்' விகுதியை ஒட்டிக்கொண்டு ('டார்லிங்'கில் உள்ள அதே 'லிங்'), மறுபடி பிரெஞ்சுக்கும் இத்தாலியனுக்கும் திரும்பி வந்தது. போப் இறந்தால் இடைக்காலப் பொறுப்பேற்கும் 'கமெர்லெங்கோ'வின் பெயர் அப்படி வந்ததுதான்.

பயணத்துக்காக மொழி கற்கிறேன். எங்கே சறுக்கும்? (பெங்களூரு)

இத்தாலியில் 'கமெரா' என்றால் அறைதான். படக்கருவி 'ஃபோட்டோகமெரா', தொலைக்காட்சிக்கு 'தெலெகமெரா'. பிரெஞ்சில் 'கமேரா' வீடியோ எடுப்பது மட்டும். நிழற்படத்துக்கு 'அபரேய் ஃபோட்டோ'. போலிஷிலும் அதே பிரிவினை. ரஷ்யனில் 'காமெர' சிறைக்கூண்டாகவும் இருக்கலாம், ரயில் நிலையத்தில் பெட்டி வைக்கும் இடமாகவும் இருக்கலாம், பக்கத்துச் சொல்லைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஸ்பானிய 'காமரா' சைக்கிள் ட்யூபும்கூட. ஹங்கேரியனில் 'கம்ர' மளிகை அறை, பாஸ்க் மொழியில் 'கன்பரா' பரண்.

ஒலியை மட்டும் நம்பினால் விழுவீர்கள். போர்ச்சுகீசிய 'கமராவ்ங்' இறால். அது லத்தீன் 'கம்மருஸ்' என்ற வேறு சொல். ஜெர்மன் 'கமீன்' (கணப்பு, அதாவது குளிர்காயும் அடுப்பு) 'கமீனுஸ்' என்ற உலைப் பெயரிலிருந்து. ரஷ்யனில் அறைக்கு வழங்கும் 'கோம்னத' பார்வைக்கு நம் சொல்லின் தம்பிபோல இருந்தாலும், 'கணப்பு உள்ளது' என்று பொருள்படும் 'கமினாத'விலிருந்து வந்தது.

எங்கள் மலையகத்தில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு) அறையைக் 'காம்பரா' என்போம். இதுவும் அந்தக் குடும்பமா? (ஹட்டன், இலங்கை)

ஆமாம் அம்மா. போர்ச்சுகீசிய 'காமரா' (அறை). சிங்கள 'காமரய', இந்தி 'கம்ரா' இரண்டும் அதே கப்பலில் வந்தவை. உங்கள் சொல்லில் 'ம்'முக்கும் 'ர'வுக்கும் நடுவே ஒரு 'ப' இருக்கிறது பாருங்கள். தஞ்சாவூர்க்காரருக்குச் சொன்ன பிரெஞ்சு 'ப்' போலத்தான் இதுவும். இலங்கையில் படக்கருவியைக் 'கமரா' என்று எழுதுகிறீர்கள், அது ஆங்கிலம் வழி வந்தது. ஆக, காம்பராச் சுவரில் கமரா மாட்டினால் ஒரே லத்தீன் சொல்லை இரண்டு முறை சொல்லியிருக்கிறீர்கள்.