அழுறவன் சீர் எண்ணுவானா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: யாப்பு (செய்யுள் இலக்கணம்) கிளாஸ்ல எதுகை, மோனை, சீர், தளைன்னு உயிர எடுக்குறாங்க சார். கவிதைன்னா உணர்ச்சி தானே? துக்கத்துல இருக்கிறவன் உட்கார்ந்து சீர் எண்ணிக்கிட்டா இருப்பான்? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: எண்ண மாட்டான் தான் (சீர்னா ஒரு அடிய அளக்கிற சொல் துண்டு). ஆனா ஒப்பாரி வெக்கிற ஒரு அம்மாவ கவனிச்சுக் கேட்டிருக்கீங்களா, நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழும்போதே வரி வரியா மோனை (முதல் எழுத்து ஒத்து வர்றது) வந்து விழும், ஒரே அளவுக்கு இழுத்து ஒரே இடத்துல மூச்சு வாங்குவாங்க. அவங்களுக்கு யாரும் யாப்பு நடத்தல. துக்கம் பெருசாகப் பெருசாக மனுஷனுக்குப் பிடிச்சுக்க ஏதாவது வேணும், அந்தப் பிடிமானம் தான் தாளம், அளவு எல்லாம்.

உங்க சிலபஸ்லயே இருக்கும், புறநானூறு 112. பறம்பு மலைய மூணு வேந்தரும் சேர்ந்து முற்றுகை போட்டு, பாரி போயிட்டான், அடுத்த மாசம் அதே மாதிரி நிலா காயுது, அப்போ அவன் பொண்ணுங்க பாடுற பாட்டு. மொத்தமே 5 அடி:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

அன்னிக்கு, இன்னிக்கு. அற்றை, இற்றை. முதல் எழுத்து மட்டும் தான் மாறுது, நிலா கூட மாறல. சரி, இது எல்லா வாத்தியாரும் சொல்றது. நான் பாக்கச் சொல்றது வேற. முதல் பாதில அப்பா முதல்ல வர்றார், அப்புறம் மலை. ரெண்டாவது பாதில அதே வரிசைல தானே சொல்லணும்? மாத்திட்டாங்க. மலை போச்சுன்னு முதல்ல சொல்லிடுறாங்க, அப்பாங்கிற வார்த்தைய எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிப்போட்டு, இனி தள்ள இடமே இல்லைங்கிற இடத்துல "எந்தையும் இலமே".

இப்போ நீங்க திட்டுற சீர் கணக்குக்கு வாங்க. மத்த அடிக்கெல்லாம் 4 சீர், நாலாவது அடிக்கு மட்டும் 3. இது ஒண்ணும் புதுமை இல்ல, இந்தப் பாட்டு நேரிசை ஆசிரியப்பாங்கிற வகை, அதுல கடைசிக்கு முந்தின அடி 3 சீர் தான், விதி. ஆனா அந்தக் குறைஞ்ச அடி எந்த வார்த்தைல நிக்குதுன்னு பாருங்க. "எம்". எங்களோடன்னு சொல்லி நிக்குது, எங்களோட என்னன்னு சொல்ல முடியல, ஒரு சீர் அளவுக்கு வெத்து இடம், அப்புறம் தான் அடுத்த அடில "குன்றும் கொண்டார்". தொண்டை அடைக்கிறதுன்னு நாம சொல்றோமே, அது இது தான். அஞ்சு அடில துயரம், கண்ணீர், அழுகைன்னு ஒரு வார்த்தை இல்ல. வாய் விட்டுப் படிங்க, மனசுக்குள்ள படிச்சா இதெல்லாம் தெரியாது.

கேள்வி: மெல்லின எழுத்து நிறைய வந்தா காதல், வல்லினம் வந்தா கோபம்னு ஒரு வீடியோல பாத்தேன். இப்படி ஒரு பட்டியல் வெச்சு எழுதலாமா?

பதில்: பட்டியல் போட்டா சமையல் குறிப்பு மாதிரி ஆயிடும். ஓசைக்கும் மனநிலைக்கும் உறவு இருக்கு, இல்லைன்னு சொல்லல, தொல்காப்பியர் செய்யுளியல்லயே 20 வண்ணம், அதாவது ஓசை வகை, சொல்றார், வல்லிசை வண்ணம் மெல்லிசை வண்ணம் எல்லாம் அதுல உண்டு. ஆனா இந்த எழுத்துக்கு இந்த உணர்ச்சின்னு ஆணி அடிச்சா நல்ல கவிஞன் அந்த ஆணிய உங்க கால்லயே ஏத்துவான்.

கம்பன் அத பண்ணிருக்கான். சூர்ப்பணகை அழகியா வேஷம் போட்டுக்கிட்டு ராமன் முன்னாடி வர்ற பாட்டு, "பஞ்சியொளிர் விஞ்சுகுளிர்"னு ஆரம்பிக்கும். பஞ்சி, விஞ்சு, செஞ்செவிய, கஞ்ச, அஞ்சொல்னு அடிக்கு அடி அந்த "ஞ்ச" குழைஞ்சுக்கிட்டே வருது, கேட்கவே பஞ்சு மேல நடக்கிற மாதிரி, நமக்கும் அவள பிடிச்சுப் போகுது. கடைசி அடி "வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்". படர்ற கொடிய சொல்ற வஞ்சிலயும் அதே ஓசை, விஷத்த சொல்ற நஞ்சத்துலயும் அதே ஓசை, அப்புறம் வஞ்சம். ஓசை மாறவே இல்ல, அர்த்தம் மட்டும் பல்டி அடிச்சிருச்சு. மூணு அடியா நம்ம காத தடவிக் கொடுத்த அதே "ஞ்ச" தான் இப்போ கொத்துது, ஏமாத்துக்காரி வர்ற பாட்டுல ஓசையே நம்மள ஏமாத்துது. அந்த வீடியோக்காரர் இத எந்தப் பெட்டில போடுவார்னு தெரியல.

கேள்வி: கோபத்த எழுதும்போது ஆச்சரியக்குறி எத்தனை போடலாம்?

பதில்: எனக்கு வர்ற கவிதைகள்ல சராசரியா மூணு, சேர்ந்தாப்புல. ஒண்ணு கூட வேணாம்ங்க. "செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின் வல்வரவு வாழ்வார்க் குரை", குறள் 1151. பிரிஞ்சு கிளம்புற கணவன்கிட்ட சொல்றது: போகலைன்னா என்கிட்ட சொல்லு, சீக்கிரம் வந்துடுவேங்கிற கதைய நீ வரும்போது உயிரோட இருக்கிறவங்ககிட்ட சொல்லிக்கோ. ரெண்டு தடவை "உரை", முதல்ல எனக்கு, அப்புறம் யாருக்கோ, என்னைய விட்டுரு. குறள்ல ரெண்டாவது அடி எப்பவும் 3 சீர் தானே, பேச்சு பட்டுனு நின்னுடுது, கதவ சாத்துற மாதிரி. கத்தல, ஒரு வசவு கிடையாது. போறவன் அதுக்கப்புறம் எப்படிப் போவான்?

கேள்வி: புதுக்கவிதைக்கு அளவு கிடையாது, அப்போ எண்டர் தட்டினா கவிதை ஆயிடுமா?

பதில்: ஆகாது, ஆனா எண்டர சாதாரணமா நினைக்காதீங்க. "நீ வருவாய் என்பதற்காக இல்லை, காற்றுக்காகத்தான் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்". இது ஒரு தகவல், சரி நல்லதுன்னு போயிடுவோம். இதையே இப்படிப் போட்டா:

கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்
நீ வருவாய்
என்பதற்காக இல்லை
காற்றுக்கு

(நான் இப்போ டைப் பண்ணிக்கிட்டே எழுதினது, பெரிய கவிதைனு சொல்ல வரல.) "நீ வருவாய்" தனியா ஒரு வரில நிக்கிற அந்த ஒரு நொடி நம்பிக்கை வந்துடுது, அடுத்த வரி அத பிடுங்கிடுது, கடைசில காத்துக்குன்னு சொல்லும்போது அது பொய்னு நமக்கே தெரியுது. வரிய எங்க உடைக்கிறதுன்னா, படிக்கிறவன் எத நம்பிக்கிட்டு ஒரு மூச்சு காத்திருக்கணுமோ அங்க.

கேள்வி: ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தா சோம்பேறித்தனம் இல்லையா?

பதில்: சில பேருக்கு ஆமா. ஆனா வில்லனெல்னு மேல்நாட்டுல ஒரு வடிவம் இருக்கு, 19 வரி, அதுல ரெண்டு வரி மாறி மாறி ஒவ்வொண்ணும் 4 தடவை வந்தே ஆகணும். இழப்பு, பிடிவாதம் மாதிரி விஷயத்துக்கு அது கச்சிதமா பொருந்துது, ஏன்னா அதெல்லாம் மனசுல அப்படித்தான் சுத்தும். நாலாவது தடவை வரும்போது வார்த்தை அதே தான், கேக்குற நாம மாறியிருக்கணும். மாறலைன்னா நீங்க சொன்ன சோம்பேறித்தனம் தான்.

கேள்வி: பாட்டி இறந்ததுக்கு 16 வரில ஒரு கவிதை எழுதினேன், இணைச்சிருக்கேன். வீட்ல எல்லாரும் நல்லாருக்குன்னாங்க, ஆனா யாருக்கும் ஒண்ணும் ஆகல. எங்க தப்பு? (பேர் வேணாம்னு கேட்டுக்கிட்ட வாசகர்)

பதில்: படிச்சேன். முதல் பத்து வரிலயும் ஆறாத துயரம், அளவில்லாப் பாசம், தாங்கொணா வேதனை. எங்களுக்கு முன்னாடியே நீங்க அழுது முடிச்சிட்டீங்க, நாங்க என்ன செய்றது? உணர்ச்சிய பேர் சொல்லிக் கூப்பிட்டா அது வராது, தொல்காப்பியர் வெச்ச பேரே மெய்ப்பாடு தானே, உடம்புல தெரியணும்.

ஆனா பதினோராவது வரில பாட்டியோட மாத்திரை அட்டை வருது, வியாழக்கிழமை வரைக்கும் தான் பிரிச்சிருக்குன்னு. அங்க நான் நின்னுட்டேன். கவிதைய அங்க ஆரம்பிங்க, மேல இருக்கிற பத்தும் போகட்டும். அப்புறம் அந்த "ஐயோ"வையும் எடுத்துட்டு, வெள்ளி, சனின்னு கிழமைகள ஒரு வரிக்கு ஒண்ணா மட்டும் போட்டுப் பாருங்க. எழுதிட்டு திரும்ப அனுப்புங்க, காத்திருக்கேன்.